நார்வே மீனும் நைஜீரியப் பாரம்பரியமும்

பாரம்பரியச் சமையல் என்றால் உள்ளூரில் விளைந்து உள்ளூரில் வெந்ததாக இருக்க வேண்டும் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு நைஜீரிய இக்போ இனத்தவர் வீட்டு அடுப்படிக்குள் போனால் முதலில் காலில் இடறுவது ஒரு கருவாடு. விறகுக்கட்டை மாதிரி விறைத்த கருவாடு. நார்வேயின் லோஃபோடென் தீவுகளில் பிப்ரவரி முதல் மே வரை மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, உப்புகூடப் போடாமல் குளிர்காற்றிலேயே காயவைத்த காட் மீன் அது. துண்டு போடக் கத்தி போதாது, ரம்பம் வேண்டும். மணிக்கணக்காக ஊறவைத்து, பொறுமையாக வேகவைத்தால்தான் வளைந்து கொடுக்கும். அந்த மீனின் தலையும் தனியாகக் காய்ந்து, மூட்டை மூட்டையாக நைஜீரியாவுக்குக் கப்பலேறுகிறது. துருவத்துக்குப் பக்கத்தில் நீந்திய மீன், வெயில் கொளுத்தும் ஊரில் பரம்பரைச் சொத்தாகி உட்கார்ந்திருக்கிறது. கசப்பிலைக் குழம்பில் அது இல்லையென்றால் பெரியவர்கள் குழம்பையும் பார்ப்பார்கள், சமைத்தவரையும் பார்ப்பார்கள்.

மீனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நைஜீரியர்கள் உயிரை விடும் ஜோலோஃப் சோற்றையே எடுத்துக்கொள்வோம். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. தைம் இலை மத்தியதரைக்கடல் பக்கத்து ஆசாமி. சுவைக்குப் போடும் மேகி கட்டி சுவிட்சர்லாந்து வம்சம். கறித்தூள் வெள்ளைக்காரர்கள் இந்தியாவின் பெயரைச் சொல்லி டப்பாவில் அடைத்தது. அதில் நமக்குப் பங்குண்டா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். பெயரோ செனகலின் பழைய ஜோலோஃப் அரசிடமிருந்து வந்தது. அந்தச் சோற்றின் மூதாதையாகக் கருதப்படும் செனகலின் மீன் சோற்றை யுனெஸ்கோ 2021இல் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ் பார்த்துத்தான் பாரம்பரியம் என்று சாதித்தால், கடைசியில் மிஞ்சுவது காலித் தட்டுதான்.

அப்படியானால் நைஜீரியர்களுடைய பாரம்பரியம் எங்கே இருக்கிறது? பொருளில் இல்லை, கைவேலையில் இருக்கிறது என்பது என் கட்சி. கசப்பிலையைப் பாருங்கள். கசக்கி, நுரை வரப் பிழிந்து, தண்ணீர் மாற்றி, மறுபடி கசக்க வேண்டும். கசப்பு முழுக்கப் போய்விட்டால் அது வெறும் கீரை; போகாவிட்டால் அது மருந்து. எங்கே நிறுத்துவது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது, நாக்குதான் சொல்லும். மரவள்ளிக்கிழங்கு இன்னும் வில்லங்கமானது. அதுவும் கடல் கடந்து வந்ததுதான். கசப்பு ரகத்தை அப்படியே தின்றால் சயனைடு விஷம். அதைத் துருவி, சாக்கில் கட்டி, மேலே பாரம் ஏற்றி, நீர் வடிய வடியப் புளிக்கவிட்டு, சலித்து, அகன்ற சட்டியில் வறுத்தால் கார்ரி. வெந்நீரில் கொட்டிக் கிளறினால் எபா. அதை உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். விஷத்தை மெல்லாமல் விழுங்கும் பக்குவத்துக்குக் கொண்டுவந்த கைக்கு உரிமைப் பத்திரம் வேறு வேண்டுமா? நார்வேக்காரரிடம் மீன் இருக்கிறது. பூசணி வகை விதையை அரைத்து, செம்பனை எண்ணெயில் திரளவிட்ட எகுசி குழம்பு இல்லையே!

“பாரம்பரியம் என்கிறீர்களே, அந்த நார்வே மீன் பஞ்சத்தில் வந்ததல்லவா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மீன் முன்பே வந்துகொண்டிருந்தது என்றாலும், 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் நடந்த பியாஃப்ரா உள்நாட்டுப் போரின் பட்டினியில் நிவாரணப் பொருளாக வந்து குவிந்தபோதுதான் அது வீடுவீடாக நுழைந்தது. ஆனால் அதே விமானங்களில் பால் பவுடரும் வந்தது. போர் முடிந்து அரை நூற்றாண்டு தாண்டியும் பால் பவுடர் எந்தக் குழம்பிலும் ஏறவில்லை. மீன் ஏறியது. காய்ந்த மீனையும் உலர்ந்த இறால் பொடியையும் போட்டுக் குழம்பு வைக்கத் தெரிந்த கைகளிடம் அது வந்து சேர்ந்ததே காரணம். பசி கதவைத் திறந்திருக்கலாம், அடுப்பில் ஏற்றியது பக்குவம்தான்.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் உறைக்கும். வந்ததெல்லாம் வரவு என்றால் அந்த மேகி கட்டியும் பாரம்பரியம்தானா? இங்கே எனக்கே தடுமாற்றம். யொரூபா இனத்தவர் வீடுகளில் குழம்புக்கு ஆதாரமாக இருந்தது ‘இரு’ என்னும் புளித்த விதை. நெடுநேரம் வேகவைத்து, தோல் உரித்து, மறுபடி வேகவைத்து, மூடிப் புளிக்கவிடுவது. அதன் வாசனை விருந்தாளியைத் தெருமுனைக்கே போய் வரவேற்கும். சிலரை அங்கிருந்தே திருப்பியும் அனுப்பும். மீன் வந்து கைக்கு வேலை கொடுத்தது, ‘இரு’வின் இடத்துக்குக் கட்டி வந்து கையைச் சும்மா உட்காரவைத்தது. அந்தக் கணக்கில் கட்டிக்கு நான் இடம் தர மாட்டேன். ஆனால் உரலில் கிழங்கு இடித்துத் தோள் வலிக்கும் பெண்மணி “கட்டியே போதும்” என்றால் எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் உலக்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அழகல்ல.

போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, எண்ணெயில் பொரித்தால் அகாரா, ஆவியில் அவித்தால் மொய்மொய் என்று நைஜீரியர்கள் விதவிதமாகச் சமைக்கிற பயறு நம்முடைய காராமணியின் இனம். பூர்வீகம் ஆப்பிரிக்கா. காரடையான் நோன்பு அடையில் அதைத்தான் போடுகிறோம். ஆப்பிரிக்கச் சரக்கு என்பதால் எந்த நோன்பும் கெட்டதாகத் தகவல் இல்லை.

பிறந்த இடம் வேறு, பக்குவம் வேறு என்ற வித்தியாசம் நைஜீரியர்களுக்கு நன்றாகத் தெரியும். 2017இல் அவர்களுடைய தகவல் துறை அமைச்சரிடம், சிறந்த ஜோலோஃப் எந்த நாட்டில் என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். மனிதர் “செனகல்” என்றார். நாடே கொதித்தது. சோறு எங்கே பிறந்தது என்று கேட்டதாக நினைத்துவிட்டேன் என்று அமைச்சர் பிறகு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே லாகோஸ் பக்கம் விருந்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பூர்வீகத்தைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள், ஆனால் தட்டு கைக்கு வந்த பிறகு பேசுங்கள்.