முதலில் சிங்கம், அப்புறம் கடல்

தான்சானியா ஏஜென்ட்டுகளின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் செரெங்கெட்டி தேசியப் பூங்கா, அப்புறம் சான்சிபார் தீவு. அதாவது உழைப்பு முதலில், ஓய்வு பிறகு. விடியுமுன் எழுந்து, குளிரில் நடுங்கி, புழுதியை விழுங்கியபடி ஜீப்பில் குலுங்கிப் போய்ப் பார்ப்பது என்ன? நாளுக்கு 20 மணி நேரம்வரை தூங்கக்கூடிய சிங்கம் தூங்குவதை. சுற்றிலும் ஒரு டஜன் ஜீப். அது பாதிக் கண் திறந்தாலே கேமராக்களுக்குத் தீபாவளி.

அடுத்தது சான்சிபாருக்குக் குட்டி விமானம். தலைக்குப் பெரும்பாலும் 15 கிலோ சாமான்தான். அதுவும் மடங்கும் துணிப்பையில். பெரிய சக்கரப் பெட்டியோடு வந்தவர்கள் மண் ஓடுபாதையோரம் துறவறம் பயில்வார்கள். முதலில் துறக்கப்படுவது கணவனின் சட்டைகள்.

சான்சிபாரின் கிழக்குக் கரையில், பாஜே, ஜம்பியானி பக்கம், நீர் வற்றும் வேளையில் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். கடலோர அறைக்குக் கூடுதல் வாடகை கொடுத்தவர் முன்னால் வெறும் மணல். உள்ளூர்ப் பெண்களுக்கோ அதுதான் வேலை நேரம். கணுக்கால் தண்ணீரில் குனிந்து கடற்பாசி பறிப்பார்கள். விருந்தாளி வரவேற்பறைக்குப் போய், “கடல் எப்போது வரும்?” என்று அதட்டுவார். அங்கிருப்பவர் முகம் மாறாமல் ஓத அட்டவணையை நீட்டுவார்.