தூங்க வைக்கும் படலம்

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. பெரியவர்களிடம் சொன்னார்கள், குழந்தைகளிடம் யாரும் சொல்லவில்லை.

நம் வீடுகளில் ஒன்பது மணிக்கு, "தூங்குடா கண்ணு" என்று உத்தரவு பிறக்கும். கூடத்தில் சீரியல் மாமியார் அலறிக்கொண்டிருப்பார். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த அப்பா, பாசம் பொங்கி, பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார். பத்து மணிக்கு, "இன்னுமா தூங்கலை?" என்று அவரே அதட்டுவார்.

திரை வெளிச்சம், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். அளவுமீறிக் களைத்த பிள்ளை சோர்வதற்குப் பதில் துள்ளும். தினமும் ஒரே நேரம், மங்கலான விளக்கு, ஒரு கதை: மருத்துவர்கள் சொல்லும் வழி இவ்வளவுதான். காசு கேட்காத வைத்தியம் என்பதால் நமக்கு அதில் நம்பிக்கை வருவதில்லை.

பகலெல்லாம் தண்ணீரைத் தொடாத பிள்ளைக்கு விளக்கணைத்ததும் தாகம் எடுக்கும். அடுத்து, ஒன்றுக்கு. அதற்கடுத்து, "சாமி எங்கம்மா தூங்கும்?" பதில் தெரியாத அம்மா பூச்சாண்டியைக் கூப்பிடுவார். தூக்கம் வராத பிள்ளைக்கு இப்போது பயமும் வந்துவிடும்.

கடைசி அஸ்திரம் பாட்டி. காகம் வடையைத் தூக்குவதற்குள் பாட்டி குறட்டை விடுவார். திட்டம் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் ஒருவராவது நேரத்துக்குத் தூங்கிவிட்டாரே!