லாரியைப் பாத்தா பசி அடங்குமா?

ஏலே தம்பி, அந்தப் போனைச் சித்த நேரம் கவுத்து வையி. அதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

பட்டணத்துல எம் பேரன் ஒரு வேலையில சேந்திருக்கான். என்ன வேலைடான்னா 'இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர்'ங்கான். நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் வாய்க்குள்ள நுழையல. கடைசியில, "ஆன்லைன்ல பாடம் எப்படி நடத்தணும்னு திட்டம் போட்டுக் குடுக்குத வேலை தாத்தா"ன்னான். மாடு ஓட்ட ஒரு ஆளு, ஓட்டுதவனுக்கு வழி சொல்ல இன்னொரு ஆளா? சம்பளம் எம்புட்டுன்னு கேட்டேன். சொன்னான். அதுக்கு மேல நான் வாயைத் தொறக்கல.

அவுக தொழிலுக்கு 'ஆடி'ன்னு ஒரு மந்திரம் இருக்காம். முதல்ல ஆராயணும், அப்புறம் வரையணும், உருவாக்கணும், நடத்தணும், கடைசியில மதிப்பு போடணும். 1975-ல ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல அமெரிக்கப் பட்டாளத்துக்காகப் போட்ட திட்டத்துல இருந்து கிளம்பினதுன்னு சொல்லுதான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஆடிப் பட்டம்தான். மண்ணைப் பாக்கோம், என்ன போடலாம்னு ரோசிக்கோம், விதையைத் தேத்துதோம், விதைக்கோம், வெளைஞ்சதை மரக்கால்ல அளக்கோம். அஞ்சும் வந்துருச்சா இல்லையா? நமக்கு சர்ட்டிபிகேட்டுதான் குடுக்கல.

ஆனா இந்தக் கூட்டத்துலயும் மண்டையில மசாலா உள்ள ஆளு ஒருத்தர் இருக்காரு. ரிச்சர்ட் கிளார்க்குன்னு பேரு, அமெரிக்காக்காரர். 1983-லயே போட்டு உடைச்சிட்டாரு. ரேடியோ, டி.வி., கம்ப்யூட்டர் எல்லாம் பலசரக்கு ஏத்திட்டு வார லாரி மாதிரிங்காரு. லாரி புதுசா இருந்தா உன் உடம்புல சத்து ஏறுமா? உள்ள இருக்க பருப்பு நல்ல பருப்பான்னுல்ல பாக்கணும்! படிப்பு ஏறுதது சொல்லிக்குடுக்குத விதத்துலதான், கொண்டாந்து இறக்குத வண்டியில இல்லன்னு சொன்னாரு. சும்மா விடுவாங்களா? ராபர்ட் கோஸ்மான்னு இன்னொரு படிச்சவரு மல்லுக்கு நின்னாரு. 1994-லயும் நம்மாளு இறங்கி வரல. வண்டியால ஒருகாலும் படிப்பு ஏறாதுன்னுட்டாரு. இந்த மனுசன் எங்க கரிசக்காட்டுல பொறந்திருக்க வேண்டியவரு.

ஒண்ணு மட்டும் நான் சொல்லுவேன். லாரியே வராத ஊர்க்காரனுக்கு லாரி பெரிய விசயந்தான். மலை மேல கிடக்க பிள்ளைக்குப் போன் வழியாவது ஒரு கணக்கு வாத்தியார் கிடைச்சா அதை ஏன் குறை சொல்லணும்? நான் சிரிக்கது வண்டிக்கு மாலை போட்டு, தேங்கா உடைச்சு, சரக்கை இறக்காமலே வீட்டுக்குப் போறவங்களைப் பாத்து.

இந்தக் கூத்து இன்னைக்கு நேத்து வந்ததா? பல்பு எடிசன் 1913-ல என்ன சொன்னாருன்னு தெரியுமா? பள்ளிக்கூடத்துல இனி புத்தகம் செல்லாது, சினிமாப் படத்தைக் காட்டியே எல்லாத்தையும் கத்துக்குடுத்துரலாம்னாரு. நூறு வருசம் தாண்டியாச்சு. உம் பிள்ளையோட பையைக் கொஞ்சம் தூக்கிப் பாரேன், இடுப்பு பிடிச்சுக்கிடும்!

எட்எக்ஸ்னு ஒரு ஆன்லைன் பள்ளிக்கூடம். அதுல பிள்ளைக வீடியோ பாத்ததை, 69 லட்சம் தடவைக்குக் கணக்கெடுத்து, 2014-ல சொன்னாங்க. வீடியோ எம்புட்டு நீளமா இருந்தாலும் பிள்ளைக பெரும்பாலும் ஆறு நிமிசத்துக்கு மேல தாங்கலையாம். எங்க வாத்தியார் வகுப்புல நான் அம்புட்டு நேரம் முழிச்சிருந்ததா ஞாபகம் இல்ல. இன்னொண்ணும் கண்டாங்க பாரு, அதுதான் வேடிக்கை. காசைக் கொட்டி ஸ்டூடியோவுல எடுத்ததை விட, வாத்தியார் தன் மேசையில உக்காந்து சாதாரணமாப் பேசினதைப் பிள்ளைக ஒட்டிப் பாக்குமாம். கோட்டு தைச்ச கூலி போச்சா?

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் உலகத்துக்கே கதவைத் தொறந்துவிட்டு ஆன்லைன் பாடம் நடத்தினாங்க. 2017-18-ல சேந்தவங்கள்ல முடிச்சவங்க நூத்துக்கு மூணு பேரு சொச்சம். தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது, சரி. தண்ணிகூடவா காட்டக் கூடாது?

எனக்கு ரொம்பப் பிடிச்சது 2006-ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க செஞ்ச சோதனை. பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சவன் அஞ்சு நிமிசம் கழிச்சுக் கேட்டா ஜோராச் சொன்னான். ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, புத்தகத்தை மூடிட்டு நினைவுல இருந்து எழுதிப் பாத்தவன்தான் ஜெயிச்சான். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேற என்னடா செஞ்சாரு? "ஏட்டை மூடு, சொல்லு"ன்னுதான உசுரை வாங்கினாரு! பிரம்பு மட்டும் அந்தச் சோதனையில இல்ல. நல்லதாப் போச்சு.

என்ன முழிக்க? போனை எடுக்காத, அது கவுந்தே கிடக்கட்டும். இம்புட்டு நேரம் நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு பாப்போம்.