தாத்தாவின் இரட்டைக்குழல்

கேள்வி: தாத்தாவின் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி, உரிமத்தோடு என் பெயருக்கு வந்துவிட்டது. எந்தத் தோட்டா வாங்குவது? எண்ணெய் எவ்வளவு விடுவது?

பதில்: தோட்டாப் பெட்டியில் 70 மி.மீ. என்றிருப்பது, சுட்டு முடிந்து மடித்த வாய் விரிந்த பிறகுள்ள நீளம். ஆகவே 65 மி.மீ. அறை கொண்ட பழைய துப்பாக்கியிலும் அது சமர்த்தாகப் போய் உட்காரும். சுடும்போதுதான் சுயரூபம் தெரியும், சில மாப்பிள்ளைகளைப் போல. மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். அறையை அளந்துவிட்டு வாங்குங்கள்.

குழலில் அலை அலையாகக் கோடுகள் தெரிகிறதா? அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த, கரிமருந்துக் காலத்துச் சரக்கு. விவரம் தெரிந்தவர் சோதிக்கும்வரை சுட வேண்டாம்.

20 போர் தோட்டாவை அதே பையில் போடாதீர்கள். 12 போர் குழலுக்குள் அது வழுக்கிப் போய் நடுவில் சிக்கும். அறை காலி என்றெண்ணி, பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். 20க்கு மஞ்சள் நிறம் கொடுத்தது அழகுக்காக அல்ல.

எண்ணெய், துணியில் தடவித் துடைக்கும் அளவு போதும். மிஞ்சினால் வழிந்து கட்டையை ஊறவைத்துவிடும். தோலுறையில் வைத்தால் ஈரம் கோத்துத் துரு ஏறும். துடைக்கும் முன் இரண்டு அறைகளையும் திறந்து பாருங்கள். தாத்தா காலி செய்திருப்பார் என்று நம்பாதீர்கள்.

தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் டெபாசிட் செய்யச் சொல்வார்கள். கவலை வேண்டாம், வேட்பாளர்கள் பலரைப் போலன்றி உங்களுக்கு டெபாசிட் திரும்பக் கிடைக்கும்.