காய்ச்சல்காரர்

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் ஒரு ஹார்டுவேர் கடை. சனிக்கிழமை காலை. பிளம்பிங் சாமான் தொங்கும் வரிசையில் ஒருவர் அரை மணி நேரமாக நிற்கிறார். கையில் கழிவறைத் தொட்டிக்குத் தண்ணீர் போகிற ஓஸ். மேலே எஃகுக் கம்பி பின்னிய உறை போட்டது. வளைத்துப் பார்க்கிறார், நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார், விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

கடைப் பையன் வந்து, "எங்கே ஒழுகுது?" என்று கேட்கிறான்.

"ஒழுகலை. பீர் செய்யப் போறேன்."

பையன் ஓரடி பின்னால் நகர்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் ஓஸின் இரண்டு தலையையும் ரம்பத்தால் அறுக்கிறார். உள்ளே இருக்கும் குழாயை உருவிக் குப்பையில் போடுகிறார். உறையை மட்டும் துடைத்துப் பத்திரப்படுத்துகிறார். வாழைப்பழத்தை வீசிவிட்டுத் தோலை எடுத்து வைப்பவரைக் குடும்பம் எப்படிப் பார்க்குமோ, அப்படித்தான் அவர் மனைவி பார்த்தார். ஆனால் இந்தக் கிறுக்கில் நியாயம் உண்டு. தானியமும் வெந்நீரும் கலந்த கூழிலிருந்து இனிப்பு நீரை மட்டும் வடிக்க அந்தக் கம்பி உறை அருமையான வடிகட்டி. எஃகு மாதிரியே மினுக்கும் பிளாஸ்டிக் உறையும் கடையில் உண்டு. வெந்நீரில் அது துவண்டுபோகும். அதனால்தான் அந்த அரை மணி நேர நகப் பரிசோதனை.

இவரைக் காய்ச்சல்காரர் என்று அழைப்பதே பொருத்தம். காய்ச்சுகிறவர் என்றும் பொருள். காய்ச்சல் கண்டவர் என்றும் பொருள்.

போன வருடம் வரை நன்றாகத்தான் இருந்தார். டப்பாவில் வரும் மால்ட் பாகை வாங்கி, தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஈஸ்ட் தூவி, பீர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு விருந்தில், "ஓ, பாகா? நாங்கள் தானியத்திலிருந்து" என்று இழுத்தார்கள். இன்ஸ்டன்ட் காபி குடித்தவரிடம் கும்பகோணத்துக்காரர் டிகாக்‌ஷனைப் பற்றிப் பேசியது போல ஆகிவிட்டது. அன்றிரவு தூக்கம் இல்லை.

தானியத்திலிருந்து என்றால் இவ்வளவுதான்: முளைவிட வைத்து உலர்த்திய பார்லி ஏறக்குறைய 5 கிலோ. அதை மாவாக்காமல், உமி கிழியாமல், நொய்யாக உடைக்க வேண்டும். 67 டிகிரி சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால், முளைவிட்டபோது தானியத்தில் உண்டான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். சூடு கூடினால் பீர் தடித்துப்போகும். குறைந்தால் நீர்த்துப்போகும். வடித்த நீரை ஒரு மணி நேரம் ஹாப்ஸோடு கொதிக்க விட்டு, சட்டென்று ஆற வைத்து, ஈஸ்ட் போட வேண்டும். பாகுக்குப் பதில் தானியம் வாங்கினால் ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து டாலர் மிச்சம் என்று மனைவியிடம் கணக்குக் காட்டினார். கணக்கு சரி. அந்த மிச்சத்தைப் பிடிக்கத் தேவைப்படும் சாமான்களைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.

சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. 1933-இல் மதுவிலக்கை எடுத்தபோது அமெரிக்க அரசு வீட்டில் ஒயின் செய்ய வழிவிட்டது, பீருக்கு வழிவிடவில்லை. அதைச் சரிசெய்ய நாற்பத்தைந்து ஆண்டு ஆயிற்று. செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் கொண்டுவந்த திருத்தம் சேர்ந்த மசோதாவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபர் 14-இல் கையெழுத்திட்டார். வயதுவந்தவர் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை வரியில்லாமல் காய்ச்சலாம், விற்கக் கூடாது. மாநிலங்கள் தங்கள் இஷ்டப்படி இழுத்தடித்தன. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் மனம் இரங்கின. இதையெல்லாம் காய்ச்சல்காரர் கேட்காமலே சொல்வார். 757 லிட்டரை இரண்டு பேர் எப்படிக் குடிப்பது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்.

கராஜில் அவருக்குக் குலதெய்வங்களும் உண்டு. கடற்படையில் வேலை பார்த்துவிட்டு வந்த ஜாக் மெக்காலிஃப், 1976-இல் கலிஃபோர்னியாவின் சொனோமாவில், கோகோ கோலா சிரப் வந்த எஃகு டிரம்களை வைத்து நியூ ஆல்பியன் என்ற பீர் ஆலையைக் கட்டினார். கென் கிராஸ்மன் பழைய பால் பண்ணைத் தொட்டிகளைப் பொறுக்கி வந்து, வெல்டிங் கற்று, சிக்கோ ஊரில் சியரா நெவாடாவைத் தொடங்கினார்; 1980-இல் முதல் பீர் இறங்கியது. இன்று அது பெரிய கம்பெனி. நியூ ஆல்பியன் 1982-இல் மூடப்பட்டுவிட்டது என்பதைக் காய்ச்சல்காரர் கொஞ்சம் சின்னக் குரலில் சொல்வார்.

இந்தக் கதைகள் மண்டையில் ஏறியபின் அவர் கண்ணுக்கு எந்தப் பொருளும் அதுவாகத் தெரிவதில்லை. பிக்னிக்குக்கு ஐஸ் போட்டு எடுத்துப் போகும் பெட்டி, 67 டிகிரியை ஒரு மணி நேரம் காக்கும் கலம். குளிரை வெளியே விடாதது சூட்டையும் விடாது என்பது அவர் வாதம்; பௌதிகப்படி அது மிகச் சரி. நவம்பரில் வான்கோழி பொரிக்க வாங்கிய கேஸ் அடுப்பும் அலுமினியக் குண்டானும் கொதிகலன். சுவர் துளைக்கும் டிரில், தானியம் உடைக்கும் மில்லுக்கு மோட்டார். பெயின்ட் டப்பாவைச் சுற்றி வளைத்த செப்புக் குழாய், கொதித்ததை ஆற வைக்கும் சாதனம். அந்தக் குழாய் வாங்கிய விலைக்கு, வளைத்ததையே கடையில் விற்கிறார்கள். அதை அவரிடம் சொல்லாதீர்கள். மூன்று தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார். மூன்றும் மூன்று கட்சி.

பேக்கரிக்குப் போனால் கேக் பார்ப்பதில்லை, கிரீம் வந்த காலி பக்கெட்டைக் கேட்கிறார். உணவு வைக்கத்தக்க பிளாஸ்டிக்தானா என்று கவிழ்த்து முத்திரையைப் படிக்கிறார். ஒரு முறை ஊறுகாய் பக்கெட் இலவசமாகக் கிடைத்தது. வினிகரும் பூண்டும் கலந்த அந்த வாசனையைச் சோடா மாவும் போக்கவில்லை, வெயிலும் போக்கவில்லை. இப்போது அதில் கார் கழுவுகிறார்.

பாட்டில் விஷயத்தில்தான் சிக்கனம் உச்சத்தைத் தொட்டது. ஒரு காய்ச்சலுக்கு 5 காலன். சுமார் 53 பாட்டில் வேண்டும். திருகு மூடிப் பாட்டில் உதவாது. காலிப் பாட்டிலைக் காசு கொடுத்து வாங்குவதா? கூடவே கூடாது. அதனால் ஒன்பது சிக்ஸ்-பேக் பீர் வாங்கிக் குடித்தார்.

தானியத்திலிருந்து முதல் காய்ச்சல் நாள். "காலை எட்டுக்கு ஆரம்பிச்சா ஒரு மணிக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொல்லியிருந்தார். ஒரு மணிக்கு அவர் ஐஸ் பெட்டியின் முன் மண்டியிட்டு, குழாயில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். நொய்யாக உடைக்க வேண்டியதை மாவாகவே அரைத்துவிட்டதில் வடிகட்டி அடைத்துக்கொண்டது. உமி முழுசாக இருந்தால்தான் நீர் இறங்க இடம் கிடைக்கும். ஊதி, கிளறி, கெஞ்சி, கடைசியில் சமையலறைச் சல்லடை வந்துதான் மானத்தைக் காப்பாற்றியது. அது மனைவியின் சல்லடை.

வான்கோழிக் குண்டான் 28 லிட்டர். அதில் 25 லிட்டரை ஊற்றினார். பால் பொங்குவதைப் பார்த்த எந்த வீட்டுப் பெண்ணும் அந்த அடுப்பை விட்டு நகர்ந்திருக்க மாட்டாள். இவர் ஹாப்ஸை நிறுக்கத் திரும்பினார். பொங்கிய பாகு அடுப்பை அணைத்து, தரையில் ஓடி, கராஜ் கதவு வரை போயிற்று. சாயங்காலம் எறும்புகள் வந்து வேலையை முடித்தன. சர்க்கரை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மேஜையில் உருண்டு விழுந்து உடைந்தது. அது உடையாத வீடே இந்தத் தொழிலில் இல்லை என்பதால், தெரிந்தவர்கள் இரண்டாக வாங்குவார்கள். இவர் சிக்கனமாக ஒன்று வாங்கியிருந்தார்.

ஊறிக் கனத்த சக்கையை என்ன செய்வது என்று மனைவி கேட்டார். "நாய்க்கு பிஸ்கட் சுடலாம்" என்றார். அவர்களிடம் நாய் இல்லை.

பிறகு பக்கெட்டுக்கு ஈரமான டி-ஷர்ட் போர்த்தி, மின்விசிறியைத் திருப்பி வைத்தார். ஈரம் உலர உலர உள்ளே சூடு தணியும். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தந்திரம். மறுநாள் மூடிமேல் இருந்த காற்றுக்குழல் "குளுக்" என்றது. முக்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். பிள்ளைகள் பேசக் கற்றபோது இவ்வளவு கூர்ந்து கேட்டாரா என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

இரண்டு வாரம் பக்கெட்டில், இரண்டு வாரம் பாட்டிலில். ஐந்தாவது சனிக்கிழமை நண்பர்கள் வந்தார்கள். கண்ணாடிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, மிடறு தொண்டையில் இறங்கும் வரை முகத்தையே பார்த்தார். "நல்லா இருக்கே" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். ஈஸ்டை இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைத்திருந்தால் இந்தப் பச்சை ஆப்பிள் வாசனை போயிருக்கும் என்று ஆரம்பிப்பார். "ஆப்பிள் வாசனை அடிக்குதே" என்றால் முகம் வாடும். பழகியவர்கள் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது கோப்பையை நீட்டுவார்கள். அதுதான் அவருக்குப் புரிகிற பாஷை.

உண்மையில் பீர் நன்றாகவே இருந்தது. கொஞ்சம் கலங்கல், கொஞ்சம் ஆப்பிள், ஆனால் ரொட்டி சுட்ட வாசனையோடு, புதுசாக. கடையில் விற்பதில் இந்தப் புதுசு கிடைக்காது. 53 பாட்டிலுக்குப் பொங்கி வழிந்தது போக 41 தேறியது. வாங்கிய சாமான், உடைந்த சாமான், காலிப் பாட்டிலுக்காகக் குடித்த பீர் எல்லாவற்றையும் கூட்டி 41-ஆல் வகுக்க மனைவி கால்குலேட்டரை எடுத்தபோது அவர் கராஜுக்குப் போய்விட்டார்.

அடுத்த முறை 10 காலன் என்கிறார். அதற்கு இன்னொரு ஐஸ் பெட்டி வேண்டுமாம், கொஞ்சம் பெரியதாக. அந்தத் தெருக்காரர்கள் தங்கள் பெட்டியை வாசலிலிருந்து உள்ளே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.