எலி வீட்டுக் கல்யாணம்

கேள்வி: வீட்டில் ஒரு ஜோடி வெள்ளை எலி வளர்க்கிறோம். கருத்தடை ஆபரேஷன் செய்யலாமா? பாவமில்லையா?

பதில்: ஜோடியா! அப்படியானால் யோசிக்க நேரமே இல்லை. ஐந்தாறு வாரத்தில் வயசுக்கு வந்துவிடும். கர்ப்பம் 22 நாள், ஒரு பிரசவத்துக்குப் பத்துக் குட்டி சாதாரணம். பெற்ற மறுநாளே அம்மணி அடுத்ததற்குத் தயார்.

ஆணுக்குச் செய்வது சுலபம். ஆனால் அதன்பிறகும் மூன்று வாரமாவது தனிக்கூண்டு. ஐயாவின் கையிருப்பு உடனே தீராது. பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே செய்தால் மார்புக் கட்டி வருவது வெகுவாகக் குறையும். வாழ்வதே இரண்டு, மூன்று வருஷம். அதில் கட்டியை இழுத்துக்கொண்டு திரிவதுதான் பாவம். எலிக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டரிடம் போங்கள். முந்தின இரவு பட்டினி போட வேண்டாம். எலிக்கு வாந்தி வராது, பசிதான் வரும்.