ஃபாண்ட் வந்துச்சா?

தொண்ணூறுகளில் இணையத்துக்கு வந்த தமிழர்கள் முதலில் கேட்டது ஞானமில்லை, ஃபாண்ட். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் ‘மயிலை’ கொடுத்தார். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ கொடுத்தார். அதைக் கணினியில் ஏற்றுவது எப்படி என்று நல்ல மனசுக்காரர்கள் விளக்கமும் அனுப்பினார்கள், அதே ஃபாண்டில்! ஃபாண்ட் இல்லாதவர் திரையில் விளக்கம் முழுக்கக் கிறுக்கல். அவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அழுதால், மறுபடி தமிழிலேயே ஆறுதல் வரும்.

ஃபாண்டுகளுக்கெல்லாம் பொதுவாக டிஸ்கி என்று ஓர் எழுத்துக் குறியேற்றம் உருவாகிவந்த நேரத்தில், 1999-ல் தமிழக அரசு தன் பங்குக்கு டாம், டாப் என இரண்டை அறிவித்தது. சண்டைக்கு ஆள் குறையக் கூடாதில்லையா? 2010-ல்தான் அரசு யூனிகோடுக்கு வந்தது.

மீஞ்சூர் ஜெராக்ஸ் கடைக்கு அந்தச் சேதி இன்னும் முழுசாக எட்டவில்லை. பழவேற்காட்டுக்காரர் ஒருவர் ஏரியில் ‘பாடு’ எனும் மீன்பிடி முறை பற்றிய தகராறுக்கு மனு அடிக்கிறார். பாமினி என்ற பழைய ஃபாண்டில் அடித்த ‘தமிழ்’, பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி.

“தம்பி, ஆபீஸ்ல திறந்தா இங்கிலீஷா வருதாம்பா.”

“ஃபாண்டையும் சேர்த்து மெயில் போட்டேனேண்ணே. எதுக்கும் பிரிண்ட் எடுத்துத் தர்றேன், கையிலயே குடுத்துடுங்க.”